அகேவ் செடிக்கு என்ன ஆயிற்று? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

அகேவ் தன் துன்பத்தைத் தாமதமாகத்தான் வெளியே காட்டும். தடித்த இலைகளுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிற செடி அது. வேர் முழுக்க அழுகிய பிறகும் பல வாரம் விறைப்பாக நிற்கும். இன்றைக்குக் கண்ணில் படுகிற மஞ்சளும் சுருக்கமும் போன மாதம் நடந்ததன் விளைவு. இது தெரியாமல், இலை லேசாகத் தொய்ந்ததுமே குழாயைத் திறந்துவிடுகிறோம். நான் பார்த்தவரையில் பூச்சியால் செத்த அகேவ்களைவிட இப்படித் தண்ணீரால் செத்தவைதான் அதிகம். ஆகவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், காரணம் தெரியும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் தண்ணீர் இல்லாததால் மண்ணில் வேர் பிடித்த அகேவ் சாகாது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அகேவ் அமெரிக்கானாவை நாம் ஆனைக்கற்றாழை, ரயில் கற்றாழை என்கிறோம். அதனால் சோற்றுக்கற்றாழையின் பெரிய வகை என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். சோற்றுக்கற்றாழை இலையை ஒடித்தால் பட்டென்று முறிந்து உள்ளே வழவழப்பான சோறு தெரியும். அகேவ் இலை அவ்வளவு எளிதில் ஒடியாது, உள்ளே நார் நாராக இழுக்கும். சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். அகேவின் இலையடுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை. கடைசிப் பகுதியைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

முதலில் மூன்று கேள்வி

பாதிப்பு எங்கே தொடங்கியது: அடி இலையிலா, நடுக் குருத்திலா, நுனியிலா? அந்த இடத்தை அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று உள்வாங்குகிறதா? செடியின் ஒரு பக்கம் மட்டுமா, சுற்றிலுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடியில் தொடங்கினால் பெரும்பாலும் வேரும் ஈரமும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் வெயில். குருத்தில் தொடங்கினால் பூச்சி, சத்துக்குறைவு, அல்லது பூ.

கை வைப்பதற்கு முன் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. குனிந்து அடி இலையைப் பார்க்கும்போது மேல் இலையின் முள் சரியாகக் கண் உயரத்தில்தான் நிற்கும். அகேவின் சாறும் பொல்லாதது. அதில் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் கொப்புளமும் எரிச்சலும் நாள்கணக்கில் நிற்கும். நீளக் கை உடையும் தடித்த கையுறையும் வேண்டும். சாற்றைத் தெறிக்கவிடும் இயந்திர ரம்பத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடி இலைகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன, மற்றபடி செடி நன்றாக இருக்கிறது

இது நோயில்லை, வயது. நடுவில் புது இலை வர வர, அடியில் உள்ள கிழட்டு இலை தன் சாற்றை மேலே கொடுத்துவிட்டுச் சருகாகும். மெதுவாக, நுனியிலிருந்து அடி நோக்கி, தாள் போலக் காய்ந்தால் கவலை வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். பாதி பச்சையாக இருக்கும்போது வெட்டினால் செடிக்குச் சேர வேண்டிய சத்தும் போகிறது, வெட்டுக்காயத்தின் வாசனைக்கு, அகேவைக் குடையும் கூன்வண்டும் வருகிறது.

அடி இலைகள் மஞ்சளாகி மெத்தென்று ஆகின்றன, செடியைத் தொட்டால் ஆடுகிறது

வேர் அழுகல். மேலே பார்க்க முந்தைய அறிகுறி போலவே இருக்கும். வேறுபாட்டை விரல்தான் சொல்லும். இலை மண்ணைத் தொடும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல இலை மரக்கட்டை போல எதிர்க்கும். அழுகிய இலை கனிந்த பழம் போல உள்வாங்கும், சில நேரம் பழுப்பு நீர் கசியும். பிறகு கையுறையோடு செடியின் கழுத்தை, அதாவது இலையடுக்கு மண்ணைச் சந்திக்கும் இடத்தை, பிடித்து மெல்ல அசையுங்கள். வேர் பிடித்த அகேவ் அசையாது.

செடி ஆடினால் தோண்டி எடுத்துவிடுங்கள், காத்திருப்பதில் லாபமில்லை. மண்ணை உதறிவிட்டு வேர்களைப் பாருங்கள். உயிருள்ள வேர் கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். செத்த வேரை இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கறுத்த வேர்களை எல்லாம் வெட்டுங்கள். அடித்தண்டிலும் பழுப்பு ஏறியிருந்தால், வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாகத் தெரியும்வரை சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் அழுகல் அங்கிருந்து திரும்பக் கிளம்பும். இதில் இரக்கம் காட்டி நான் இரண்டு செடிகளை இழந்திருக்கிறேன்.

சீவிய செடியை நிழலில், காற்று படும் இடத்தில், மண் இல்லாமல் வைத்துவிடுங்கள். சின்னச் செடிக்கு ஒரு வாரம், பெரிய வெட்டுக்கு இரண்டு மூன்று வாரம். வெட்டுமுகம் உலர்ந்து தோல் போல் இறுகிய பிறகு, காய்ந்த மண்கலவையின் மேல் உட்கார வைத்துக் கற்களை முட்டுக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து லேசாகத் தண்ணீர். வேரே இல்லாத அகேவ் இலையில் உள்ள நீரை வைத்தே புது வேர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெம்பு அதற்கு உண்டு.

ஆனால் அதே குழியில் அப்படியே திரும்ப நட்டால் கதை திரும்ப நடக்கும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீரால் நிரப்பி, முழுக்க வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்புங்கள். இந்த இரண்டாம் தண்ணீர் மணிக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் அகேவ் வைக்கக் கூடாது. கரடுமுரடான ஆற்று மணலும் சரளையும் பாதிக்குப் பாதி கலந்து 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி, அதன் உச்சியில் நடுங்கள். குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டுவது உதவாது. களிமண்ணுக்கு நடுவே மணல் குழி என்பது தண்ணீர் தேங்கும் தொட்டிதான். செடியின் கழுத்து சுற்று மண்ணைவிட 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், மண் அமுங்கும்போது அது கீழே இறங்கும். கழுத்தைச் சுற்றிச் சரளைக்கல் பரப்பலாம். இலைச்சருகு, தேங்காய்நார் போன்ற ஈரம் பிடிக்கும் மூடாக்கு வேண்டாம்.

வெளி இலைகள் எல்லாம் தரையில் சாய்ந்துவிட்டன, நடுக் குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்கிறது

இதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். நேற்றுவரை கம்பீரமாக இருந்த செடி, ஒரு வாரத்தில் குடையை விரித்துக் கவிழ்த்த மாதிரி ஆகிவிடும். நடுவில் கூர்மையான குருத்து மட்டும் ஈட்டி போல நிற்கும். கிட்டே போனால் புளித்த நாற்றம், சுற்றிலும் ஈ. இந்தத் தோற்றம் கண்டால் முதல் சந்தேகம் அகேவ் கூன்வண்டு மேல்தான்.

அறிவியல் பெயர் ஸ்கைஃபோஃபோரஸ் அக்குபங்க்டேட்டஸ். மங்கிய கறுப்பு, ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளம், முன்னால் வளைந்த மூக்கு. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுக்கு உறவு, வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய அதுவே. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. அகேவ் செடிகளோடு சேர்ந்தே பல நாடுகளுக்குப் பயணப்பட்டுவிட்டது. பெண் வண்டு இலையடியில் துளை போட்டு முட்டையிடும். அந்தத் துளை வழியே அழுகல் பாக்டீரியாவும் உள்ளே போகிறது. நார் நிறைந்த கெட்டியான நடுத்தண்டு அழுகிக் கூழானால்தான் புழுக்களால் தின்ன முடியும். இப்படி வண்டும் கிருமியும் கூட்டுச் சேர்ந்து உள்ளே குடைந்துகொண்டிருக்கும்போது வெளியே ஒன்றுமே தெரியாது. இலைகளை நடுத்தண்டோடு பிணைக்கும் இடம் அறுந்த பிறகுதான் அவை மொத்தமாகச் சாயும்.

பன்னிரண்டு ஆண்டு வளர்ந்த ஓர் ஆனைக்கற்றாழையை நான் இப்படித்தான் பறிகொடுத்தேன். சாய்ந்த இலை ஒன்றைப் பிடித்து இழுத்ததும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்புக் கூழாக இருந்தது. நடுத்தண்டைப் பிளந்தபோது பழுப்புத் தலையும் கால் இல்லாத வெள்ளை உடலுமாகச் சுண்டுவிரல் நுனிப் பருமனில் புழுக்கள் நெளிந்தன. அவற்றுக்கு நடுவே செடியின் சொந்த நாரையே சுற்றிப் பின்னிய கூடுகள், சின்னச் சணல் உருண்டை மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் வெளியே வரக் காத்திருக்கும் ஒரு வண்டு. ஒரு செடியில் இருந்து அத்தனை வண்டுகள் அடுத்த செடிகளுக்குக் கிளம்பும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாய்ந்துவிட்ட செடியைக் காப்பாற்ற முடியாது. செய்ய வேண்டியது மற்ற செடிகளைக் காப்பது. அன்றைக்கே தோண்டுங்கள். அடித்தண்டோடு சுற்றியுள்ள மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து அலசுங்கள், கூடுகள் மண்ணிலும் கிடக்கும். கிடைத்த புழு, கூடு, வண்டு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செடியைக் கெட்டியான பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். உரக்குழியில் போடுவது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். பக்கக்கன்றுகளில் தாயோடு ஒட்டியிருப்பவற்றை விட்டுவிட்டு, தள்ளி முளைத்தவற்றை மட்டும் பிடுங்கி, அடியைக் கழுவி, துளையோ பழுப்போ இல்லாதவற்றை வேறு இடத்தில் தொட்டியில் வையுங்கள். அதே குழியில் அகேவ் வேண்டாம்.

தடுக்க விரும்புகிறவர்கள் வெயில் காலம் தொடங்குமுன் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லியை வேரில் ஊற்றுகிறார்கள். அது பலன் தருவது உண்மை. ஆனால் பூவின் தேனுக்குள்ளும் அது போகும், தேனீக்களைக் கொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கே தடை போட்டது. உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்று பார்த்து, லேபிளில் உள்ள அளவை மீறாமல், பூக்கும் வயதை நெருங்கிய செடிக்குக் கொடுக்காமல் பயன்படுத்த வேண்டும். மருந்து வேண்டாம் என்றால் வகையை மாற்றுங்கள். கூன்வண்டு அதிகம் நாடுவது அமெரிக்கானா போன்ற பெரிய, சர்க்கரை சேர்ந்த, முதிர்ந்த செடிகளை. தோட்டத்தில் ஒரே வகைப் பெரிய அகேவ்களை நெருக்கி வைத்தால் ஒன்று விழுந்ததும் வரிசையாக விழும்.

இலையின் மேல்முகத்தில் வெளிறிய திட்டு, பிறகு பழுப்பு

வெயில் கருகல். செடியின் ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் பிற்பகல் வெயில் விழும் பக்கம், முதலில் வெளுத்து மஞ்சளாகும், பிறகு காய்ந்து தழும்பாகும். வெயில் செடிக்கு வெயிலே எப்படிக் கருகும் என்று கேட்கலாம். நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்றின் தோலும் மெழுகும் மெல்லியவை. அதோடு அகேவ் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. தண்ணீரைச் சேமிக்க அது கற்றுக்கொண்ட வழி அது. ஆனால் மற்ற செடிகளைப் போலப் பகலில் நீரை ஆவியாக்கி இலையைக் குளிர்விக்கவும் அதனால் முடியாது. மெழுகு தடிக்காத இலை உச்சி வெயிலில் அப்படியே வெந்துவிடும்.

கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. கெட்டியாக, காய்ந்து இருக்கும்வரை அந்த இலை உழைக்கும், வெட்ட வேண்டாம். புதிதாக வாங்கிய செடியை முதல் வாரம் காலை வெயிலில் மட்டும், அடுத்த வாரம் கூடுதலாக இரண்டு மணி நேரம் என்று இரண்டு மூன்று வாரம் பழக்குங்கள். முன்பு எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்திருந்ததோ அந்தப் பக்கத்தைத் தொட்டியில் சுண்ணாம்பால் குறித்து, நடும்போதும் அதே திசையில் திருப்பி நடுங்கள். அரை நிமிட வேலை, பல ஆண்டுத் தழும்பை மிச்சப்படுத்தும். முள் இல்லாத அட்டெனுவாட்டாவும், இலையோரம் வெள்ளையோ மஞ்சளோ ஓடும் வகைகளும் எவ்வளவு பழக்கினாலும் கொடும் வெயிலில் கருகும். அவற்றுக்குப் பிற்பகல் நிழல் தேவை.

இலைகள் நீண்டு மெலிந்து, ஒழுங்கில்லாமல் விரிகின்றன

வெளிச்சக் குறைவு. சுவரோரம், மரத்தடி, வராந்தா எல்லாம் நமக்கு வெளிச்சமாகத் தெரியும், அகேவுக்குப் போதாது. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மெலிந்த இலை இனித் தடிக்காது. இடத்தை மாற்றிய பிறகு வரும் இலைகள்தான் குட்டையாக, அகலமாக வரும். மேலே சொன்னபடி படிப்படியாக மாற்றுங்கள். நைட்ரஜன் உரம் அதிகமானாலும் இதே தொளதொளப்பு வரும்.

இலைகள் உட்புறமாகக் குவிந்து, சுருக்கம் விழுந்து, தொட்டால் கெட்டியாக இருக்கின்றன

இப்போதுதான் தாகம் என்று சொல்லலாம். இலையின் மேல்முகம் குழிந்து வாய்க்கால் போல மடியும், நிறம் மங்கும். ஆனால் வேர் அழுகிய செடிக்கும் தண்ணீர் ஏறாது, அதுவும் இப்படியே சுருங்கும். ஒரு குச்சியை 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணில் குத்தி எடுங்கள். காய்ந்த மண்ணாக இருந்தால் தாகம். ஈரம் ஒட்டியிருந்தும் இலை சுருங்கியிருந்தால், மேலே அழுகல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

தாகம் என்றால் ஒரு முறை ஆழமாக, மெதுவாக, இலை விரிந்திருக்கும் வட்டத்தின் ஓரம்வரை நனைய ஊற்றுங்கள். அகேவின் வேர் ஆழத்தில் இல்லை, பக்கவாட்டில் மேலாகப் பரவியிருக்கும்; மழை பெய்த சில நாட்களிலேயே புது நுண்வேர்களை விட்டு உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் இலை நிமிர்ந்துவிடும். வேர் பிடித்த செடிக்குக் கடும் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஊற்றினால் தாராளம். நட்ட முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை. தினம் ஒரு குவளை என்பது தாகத்தையும் தீர்க்காது, கழுத்தையும் காயவிடாது.

நுனிகள் மட்டும் பழுப்பு

ஒன்றிரண்டு நுனி என்றால் எதிலோ உரசியிருக்கும். எல்லா இலை நுனியும் என்றால் உப்பு. தொட்டியின் விளிம்பிலோ மண் மேலோ வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா பாருங்கள். உரம் அதிகம், அல்லது ஊற்றும் தண்ணீரே உப்பு. தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வழியும்வரை நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். தரையில் வளரும் அகேவுக்கு உரமே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தொட்டிச் செடிக்கு வளரும் காலத்தில் ஓரிரு முறை, லேபிள் அளவில் பாதி.

இலையில் எண்ணெய்க் கை பட்டது போலக் கறை

அழுக்கென்று துடைத்துப் பார்ப்பீர்கள், போகாது. இலையின் அடியிலிருந்து மேல் நோக்கி, நீர்க்கோர்த்த மாதிரி, மங்கிய பழுப்பில் தீற்றல் தீற்றலாக இருக்கும். காரணம் கண்ணுக்குத் தெரியாத ஈரியோபைட் சிலந்தி. தென்னங்குரும்பையைச் சுரண்டிப் பழுப்பாக்குகிறதே, அந்த வகை. நான்கு கால்கள் மட்டும், புழு வடிவம். மொட்டுப்போல மூடியிருக்கும் குருத்துக்குள், இலைக்கும் இலைக்கும் இடையே ஒளிந்து உறிஞ்சுகிறது. சிலந்தி குருத்துக்குள் இருக்க, அதன் தடம்தான் இலை விரியும்போது வெளியே வருகிறது. அதனால் வெளியில் தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதேயில்லை.

நனையும் கந்தகத் தூளைக் கரைத்துக் குருத்துக்குள் இறங்கும்படி, வாரம் ஒருமுறை என்று சில முறை ஊற்றிப் பார்க்கலாம். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் கந்தகம் இலையைச் சுடும், அதனால் மாலையில் ஊற்றுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். புதிதாக விரியும் இலை சுத்தமாக வந்தால் வெற்றி, பழைய கறை போகாது. காற்றில் பரவும் பூச்சி இது. ஒரு சின்னத் தொட்டிச் செடிதான் பாதிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் அருமையான செடிகள் பல நிற்கின்றன என்றால், அந்த ஒன்றை எடுத்து அழித்துவிடுவதே நல்லது. சொல்லும்போது மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

குழி விழுந்த வட்டப் புள்ளிகள், மழைக்காலத்தில் பெரிதாகின்றன

ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை. புள்ளி உள்வாங்கி, வளையம் வளையமாக இருக்கும். ஈரமான நாளில் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பு தெரியும், அதுதான் வித்து. மழைத்துளி தெறித்துப் பக்கத்து இலைக்குப் போகும். பாதித்த இலைகளை உலர்ந்த நாளில் அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், கத்தியைத் துடையுங்கள். தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு புதுப் புள்ளி வராமல் தடுக்கும், இருக்கிற புள்ளியை ஆற்றாது. அதே இலையில் புள்ளி குழியாமல், தக்கை போல மேடாக, காய்ந்து இருந்தால் அது பூஞ்சையில்லை. ஈரம் அதிகமானதால் இலைச் செல்கள் வெடித்து ஆறிய வடு, விட்டுவிடலாம்.

வெள்ளைச் செதில், வெள்ளைப் பஞ்சு

நகத்தால் சுரண்டினால் சிப்பி போலக் கழன்றால் செதில் பூச்சி. பஞ்சாக நசுங்கினால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். எண்ணெய்க் கரைசல்களை நீலச்சாம்பல் நிற அகேவ்களில் தெளிக்காதீர்கள். அந்த நீலம் ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு. எண்ணெயும் சோப்பும் அதைக் கரைத்துவிடும், தெளித்த இடமெல்லாம் பச்சைத் திட்டாகத் தெரியும். மேலே எதுவும் தெரியாமல் தொட்டிச் செடி வளராமல் நின்றால், ஒருமுறை வெளியே உருவி வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி உண்டு.

குருத்து இலைகள் வெளிறி, பச்சைக் கோடு மட்டும் தெரிகிறது

இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு மிகுந்து பி.எச். 7.5-க்கு மேல் போனால் வேரால் எடுக்க முடியாது. ஈரம் தேங்கினாலும் இதேதான் நடக்கும், எனவே வடிகாலை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், கார மண்ணிலும் வேலை செய்யும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரத்தை மண்ணில் ஊற்றுங்கள்.

உறைபனிக்குப் பிறகு இலை கறுத்துக் கூழாகிறது

உலர்ந்த மண்ணில் பாரியி வகை மைனஸ் 15 டிகிரி வரைகூடத் தாங்கும், அட்டெனுவாட்டா உறைபனி பட்டாலே கறுத்துவிடும். குளிரைவிட, குளிரோடு சேர்ந்த ஈரமே அதிகம் கொல்கிறது. கறுத்த இலையை உடனே வெட்டாமல், குளிர் முழுக்கப் போகும்வரை விடுங்கள், அது உள் இலைகளுக்குப் போர்வை. நடுக் குருத்து கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும்.

இலையின் முதுகில் பல்வரிசை போன்ற தடம்

எதுவும் செய்ய வேண்டாம். குருத்துக்குள் இலைகள் ஒன்றையொன்று இறுக அணைத்தே வளர்கின்றன. ஓர் இலையின் முள்வரிசை அடுத்த இலையின் மெழுகில் அழுந்தி, விரியும்போது அச்சுப்போல நிற்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு முள்ளின் வளைவையும் அதில் எண்ணலாம். அகேவின் அழகே அதுதான். நோய் என்று நினைத்து யாரும் மருந்தடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்த்தேன்.

புது இலைகள் சிறுத்துக்கொண்டே வந்து, நடுவில் தடித்த தண்டு கிளம்புகிறது

பூக்கப்போகிறது. குருத்து இலைகள் வழக்கத்தைவிடக் குட்டையாகி, பிறகு முளைக்கீரைத் தண்டைப் பெரிதாக்கியது போல ஒரு தண்டு மேலே வரும். வாழை குலை தள்ளியதும் தாய் சாவது போல, இந்த இலையடுக்கும் பூத்துக் காய்த்ததும் சாகும். நூற்றாண்டுச் செடி என்று பெயர் இருந்தாலும் ஆனைக்கற்றாழை பெரும்பாலும் 10 முதல் 30 ஆண்டுகளுக்குள் பூத்துவிடும். தண்டை வெட்டினால் செடி பிழைக்கும் என்று சொல்வார்கள், பிழைக்காது. பூ வேண்டும் என்ற முடிவு தண்டு தெரியுமுன்னே எடுக்கப்பட்டுவிட்டது, சேர்த்து வைத்த சர்க்கரையும் நீரும் இடம் மாறத் தொடங்கிவிட்டன. வெட்டினால் பூவும் இல்லை, செடியும் இல்லை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குச் சிறப்பு மிக்கது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார். அந்தப் பூந்தண்டைப் பார்த்தவர்கள் பெயரோடு சண்டை போட மாட்டார்கள். விட்டுவிடுங்கள், பூக்கட்டும்.

தண்டு 6 மீட்டருக்கு மேலும் போகலாம். மேலே மின்கம்பி இருக்கிறதா, காற்றடித்தால் எந்தப் பக்கம் விழும் என்று இப்போதே பாருங்கள். பூ முடிந்து தாய் காயும்போது, தண்டு உறுதியாக நிற்கும்போதே மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குங்கள். அடி மக்கிய பிறகு தொட்டால் மொத்தமாகச் சாயும்.

பக்கக்கன்று விடும் வகை என்றால் வாரிசு தயாராக இருக்கும். ஓவாட்டிஃபோலியா போன்றவை பெரும்பாலும் கன்றே விடாது. அவற்றுக்கு விதை எடுத்தால்தான் உண்டு. வில்மோரினியானாவும் சைசலும் பூந்தண்டிலேயே குட்டிச் செடிகளைப் பிறப்பிக்கும், தொட்டாலே உதிரும். கன்று ஒரு கையளவு வந்ததும், தாயோடு இணைக்கும் கிழங்கு போன்ற தண்டை மண்ணுக்குள் தேடிக் கத்தியால் அறுத்து, கொஞ்சம் வேரோடு எடுங்கள். வெட்டுமுகம் உலர ஒரு வாரம் நிழல். மணலும் சரளையும் கலந்த மண்ணில் கழுத்து வெளியே தெரிய நட்டு, இன்னொரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.